ஆழ்கடல் தொழிலுக்கு நெறி வகுத்த வரலாறு

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்போரைப் பற்றி வழிவழியாக ஒரு செய்தி சொல்லப்படுவதுண்டு. கடலின் அடிக்கு இறங்குபவன், தன் உடலில் கட்டிய கயிற்றின் மறுமுனையைக் கண்டவரிடம் கொடுத்துவிட மாட்டானாம். தன் மனைவியுடன் பிறந்த மைத்துனனிடமே கொடுப்பானாம். உடன்பிறந்தாளின் தாலிக்கு அஞ்சுபவன் கயிற்றைக் கைந்நழுவ விடமாட்டான் என்பதே அதன் கருத்து. 1961-ஆம் ஆண்டுக்குப் பிறகு அங்கே பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆயினும் அந்த வழக்கம் எழுப்பும் வினா இன்றும் பழமை அடையவில்லை. நீருக்குள் இருப்பவனின் உயிர் மேலே இருப்பவன் கையில் இருக்கிறது. அந்தக் கை யாருடைய கை?

உறவினன் கயிறு பிடித்த காலம் போய், ஒப்பந்த நிறுவனம் கயிறு பிடிக்கும் காலம் வந்தது. துறைமுகங்கள் கட்டவும், மூழ்கிய கப்பல்களை மீட்கவும், கடலடியில் எண்ணெய்க் குழாய்களைப் பொருத்தவும் கூலிக்கு மூழ்குவோர் தேவைப்பட்டனர். அத்தொழிலில் மைத்துனன் இல்லை. அவன் இடத்தை நிரப்ப வேண்டியவை எழுதிவைத்த நெறிகளே. அந்நெறிகளைத் தொழில் நடத்துவோரே ஒரு சங்கமாகக் கூடி எவ்வாறு வகுத்தனர் என்பதையும், அதற்கு முன்னும் பின்னும் எத்தனை உயிர்கள் விலையாயின என்பதையும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்போம். இங்கிலாந்தில் டீன் சகோதரர் இருவர் இருந்தனர். புகை நிறைந்த இடத்தில் தீயணைப்போர் அணிவதற்கென 1823-ஆம் ஆண்டில் உரிமை பெற்ற ஒரு தலைக்கவசத்தை அவர்கள் பின்னர் நீருக்குள் அணிவதற்கு ஏற்ப மாற்றினர். மேலிருந்து குழாய் வழியே காற்று வரும். கவசத்தின் கீழ்ப்பக்கம் திறந்திருக்கும். அதை அணிந்தவன் குனிந்தால் நீர் உள்ளே புகுந்துவிடும். அதைப் பயன்படுத்தும் முறையை விளக்கி 1836-ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு சிறு நூல் வெளியிட்டனர். இத்தொழிலுக்கென்று அச்சேறிய முதற் கையேடுகளுள் அது ஒன்று. ஜெர்மனியிலிருந்து வந்து லண்டனில் தொழில் நடத்திய அகஸ்டஸ் சீபே என்பவர் தலைக்கவசத்தை உடையோடு இணைத்து, நீர் புகாதபடி முழுவதும் அடைத்த உடையை ஆக்கினார். அதன் பின்னர் ஆழத்தில் நெடுநேரம் நின்று வேலை செய்ய முடிந்தது.

1782-ஆம் ஆண்டில் ஸ்பிட்ஹெட் என்னுமிடத்தில் மூழ்கிய 'ராயல் ஜார்ஜ்' என்ற போர்க்கப்பலின் சிதைவுகளை அகற்றும் பணி 1839 முதல் 1843 வரை நடந்தது. அதை நடத்தியவர் பொறியியற் படையைச் சேர்ந்த பாஸ்லி என்ற அதிகாரி. நீரிலிருந்து மேலேறிய ஆட்களுக்கு மூட்டுவலி கண்டது. குளிரால் வந்த வாதநோய் என்று அப்போது எண்ணினர். நோய் கண்கூடாக இருந்தது. காரணம் மட்டும் புலப்படவில்லை.

காரணம் தெரியாத நோய் கரையிலும் பரவிற்று. அமெரிக்காவில் செயிண்ட் லூயி நகரில் மிசிசிப்பி ஆற்றின் மீது பாலம் கட்டும்போது, அழுத்தமேற்றிய காற்று நிரம்பிய அறைகளை ஆற்றின் அடியில் இறக்கி, அவற்றுள் ஆட்கள் மண் தோண்டினர். 1870-ஆம் ஆண்டில் அவர்களுள் பலர் வேலை முடிந்து வெளியே வந்த சிறிது நேரத்தில் சுருண்டு விழுந்தனர். பத்துப் பேருக்கு மேல் இறந்தனர். நியூயார்க்கில் புரூக்ளின் பாலம் எழும்பியபோது அதன் தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் என்பவரையே அந்நோய் படுக்கையில் தள்ளிற்று. வலியால் முதுகு வளைந்து நடந்தோரைக் கண்டு, தொழிலாளர் அதற்கு 'வளைவு' என்று பொருள்படும் பெயரைக் கேலியாக இட்டனர். இன்றும் அப்பெயரே வழங்குகிறது.

1878-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் உண்மையை வெளிப்படுத்தினார். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அழுத்தம் மிகுந்தால் அவ்வாயு குருதியிலும் தசையிலும் கரைகிறது. அழுத்தம் மெல்லக் குறைந்தால் அது நுரையீரல் வழியே அமைதியாக வெளியேறும். திடீரெனக் குறைந்தால், சோடாப் புட்டியைத் திறந்தவுடன் பொங்கும் குமிழ்கள் போல உடலுக்குள்ளேயே குமிழ்கிறது. அக்குமிழ் மூட்டில் தங்கினால் வலி. தண்டுவடத்தில் தங்கினால் முடக்கம். இதயத்தை அடைந்தால் மரணம்.

எவ்வளவு மெல்லக் குறைக்க வேண்டும் என்னும் கேள்விக்கு விடை தேடும்படி, 1905-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை ஹால்டேன் என்ற உடலியல் அறிஞரை வேண்டிற்று. அவர் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்தார். ஓர் உண்மை தெளிவாயிற்று. இரண்டு வளிமண்டல அழுத்தத்திலிருந்து ஒன்றுக்கு இறங்கினால் தீங்கில்லை. நான்கிலிருந்து இரண்டுக்கும், ஆறிலிருந்து மூன்றுக்கும் இறங்கினாலும் அவ்வாறே. எனவே பாதி பாதியாக, இடையிடையே நின்று மேலே வரவேண்டும். இன்ன ஆழத்தில் இன்ன நேரம் இருந்தவன் இன்ன இடங்களில் இவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவர் அட்டவணை வகுத்தார். 1906-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துக் கடற்கழி ஒன்றில் கடற்படையினர் இருவர் அம்முறையைப் பின்பற்றி 210 அடி ஆழம் சென்று நலமாக மீண்டனர். 1908-ஆம் ஆண்டில் ஆய்வு முழுவதும் ஓர் அறிவியல் இதழில் வெளியாயிற்று. உலகில் எவரும் அதைப் படிக்கலாம், எவரும் பயன்படுத்தலாம். நேயர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும். பின்னால் நிகழ்ந்தது இதற்கு மாறானது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் எண்ணெய் தேடுவோர் கரையை விட்டுக் கடலுக்குள் சென்றனர். மெக்சிகோ வளைகுடாவிலும் கலிபோர்னியாக் கரையிலும் துளைமேடைகள் எழுந்தன. மேடை இருக்கும் இடத்தில் முக்குளிப்பவருக்கு வேலை உண்டு. காற்றை மட்டும் சுவாசித்து மிக ஆழம் சென்றால் நைட்ரஜன் கள்ளுண்டவன் போல அறிவை மயக்கும். ஆகவே அதன் இடத்தில் ஹீலியம் வந்தது. 1962-ஆம் ஆண்டில் சாண்டா பார்பராவுக்கு அருகே சிப்பி எடுக்கும் தொழிலாளி ஒருவர் ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்து 400 அடி ஆழம் சென்றார். அடுத்து, அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஜார்ஜ் பாண்ட் காட்டிய வழி தொழிலுக்கு வந்தது. ஏறத்தாழ ஒரு நாளில் உடல் கொள்ளத்தக்க வாயுவெல்லாம் கரைந்து நிறைந்துவிடும். அதற்குமேல் பல நாள் இருந்தாலும் அழுத்தத்தைக் குறைக்க ஆகும் காலம் மிகாது. எனவே கப்பலில் உள்ள அழுத்த அறையிலேயே ஆட்களை வாரக்கணக்கில் தங்கவைத்து, மூழ்குமணியில் ஏற்றி நாள்தோறும் கடலடிக்கு அனுப்பலாம். 100 மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தில் இருப்பவர் வெளியுலகுக்குத் திரும்ப ஏறத்தாழ நான்கு நாள் ஆகும். வெளியே கடலாயினும் உள்ளே அறையாயினும் அவர் சிறைப்பட்டவரே. கதவு திறந்தால் சாவு.

இந்நிலையில் வடகடல் திறந்தது. 1969-ஆம் ஆண்டில் நார்வேப் பகுதியில் எகோஃபிஸ்க், 1970-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பகுதியில் ஃபோர்ட்டீஸ், 1971-ஆம் ஆண்டில் பிரெண்ட் என்று பெரிய எண்ணெய்க் களங்கள் அடுத்தடுத்துக் கிடைத்தன. குளிர் மிகுந்த கடல். புயல் மிகுந்த கடல். எண்ணெய் விரைவாக வேண்டும் என்று அரசுகளும் அவசரப்பட்டன. குறைந்த தொகைக்கு வேலையை ஒப்புக்கொள்பவனுக்கே ஒப்பந்தம் கிடைத்தது. உதவிக்கு நிற்க வேண்டிய ஆளைக் குறைத்தாலும், பழைய கருவியைக் கொண்டுவந்தாலும், மேலேறும் நேரத்தைச் சுருக்கினாலும் செலவு குறையும். நேர்மையாக நடப்பவன் தொகை கூடும்; அவன் ஒப்பந்தத்தை இழப்பான். அழுத்தக் குறைப்பு அட்டவணைகளோ நிறுவனங்களின் வணிக இரகசியம் ஆயின. ஹால்டேன் உலகுக்கு வழங்கிய வகை அறிவைப் போட்டிக்காகப் பூட்டி வைத்தனர். தன் உடலில் எந்த அட்டவணை சோதிக்கப்படுகிறது என்பதே முக்குளிப்பவனுக்குத் தெரியாது.

இச்சூழலில்தான் சங்கங்கள் தோன்றின. 1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முக்குளிப்பு ஒப்பந்தக்காரர் சங்கம் ஒன்றும், 1972-ஆம் ஆண்டில் லண்டனில் அத்தகைய மற்றொன்றும் அமைந்தன. போட்டியாளர்கள் ஏன் கூடினர்? அறநோக்கம் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகையாகும். எல்லாரும் ஒரு குறைந்தபட்ச எல்லைக்குக் கீழே இறங்குவதில்லை என்று உறுதி கொண்டால், நேர்மையானவனுக்கு நட்டமில்லை. தாழ்ந்த விலை சொல்பவன் உயிரை விற்றுத் தாழ்த்த முடியாது. அறமும் ஆதாயமும் ஒருங்கே நின்ற இடம் அது. அமெரிக்கச் சங்கம் தன் நூலுக்கு 'ஒத்த கருத்தின் நெறிகள்' என்னும் பொருள்படப் பெயரிட்டது. ஒருவர் கட்டளையாக அன்றி, தொழிலில் உள்ளோர் கூடி உடன்பட்டவை என்பது அதன் கருத்து.

ஆனால் உடன்பாட்டுக்கும் கட்டாயத்துக்கும் இடையே இழுபறி இருந்தது. 1975-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தச்சர் தொழிற்சங்கம், முக்குளிப்போரைக் காக்க உடனடியாக விதி செய்யவேண்டும் என்று அரசிடம் மனுச் செய்தது. 1976-ஆம் ஆண்டில் அரசு அவசர விதி வெளியிட்டது. முக்குளிப்பு நிறுவனங்கள் நீதிமன்றம் சென்று அதற்குத் தடை பெற்றன. 1977-ஆம் ஆண்டில் நிலையான விதி வந்தது. 100 அடிக்கு மேற்பட்ட ஆழத்துக்குச் சென்றால், பணியிடத்திலேயே அழுத்த அறை ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. அவ்விதியின் மருத்துவச் சோதனைப் பகுதியையும் நிறுவனங்கள் எதிர்த்து வழக்காடி 1979-ஆம் ஆண்டில் வென்றன. தாமே வகுத்துக்கொண்ட நெறியைப் போற்றியவர்கள், பிறர் வகுத்த விதியை எதிர்த்தனர் என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. பிரிட்டனில் 1975-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து கடல் மேடைகளுக்கான முக்குளிப்பு விதிகள் நடைமுறைக்கு வந்தன.

அவ்வாறு விதிகள் வந்த பின்னும் கடல் தன் பாடத்தை நிறுத்தவில்லை. 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள், 'வைல்ட்ரேக்' என்ற கப்பலிலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர் ஆழத்துக்கு இறங்கிய மூழ்குமணி, அதைத் தூக்கும் முதன்மைக் கம்பிவடத்தினின்று பிரிந்தது. உள்ளே அமெரிக்க இளைஞர் இருவர். மணிக்குள் சுவாசிக்க வாயு இருந்தது. ஆனால் ஹீலியம் காற்றைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். பல மணி நேரப் போராட்டத்துக்குப் பின் மணி மேலே வந்தபோது இருவரும் குளிரால் இறந்திருந்தனர். நீர் அவர்களைக் கொல்லவில்லை. மூச்சுத் திணறலும் கொல்லவில்லை. வெப்பம் இன்மை கொன்றது. இதன்பின் மணிக்குள் ஒவ்வொருவருக்கும் குளிர் காக்கும் உறையும், மூச்சின் வெப்பத்தையே மீட்டுத் தரும் கருவியும், மணி தவறிப்போனால் தேடிக் கண்டுபிடிக்க ஒலிக்குறி எழுப்பும் கருவியும் இருக்கவேண்டும் என்ற நெறிகள் வேரூன்றின. 1983-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கடல்வழி அமைப்பும் முக்குளிப்புச் சாதனங்களுக்கென ஒரு விதித்தொகுப்பை ஏற்றது.

அதே 1983-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள், நார்வேப் பகுதியில் 'பைஃபோர்டு டால்ஃபின்' என்ற துளைமேடையில் மற்றொரு கொடுமை நிகழ்ந்தது. மணியையும் தங்கும் அறையையும் இணைக்கும் பிடி, உட்கதவு மூடப்படுமுன் திறந்துகொண்டது. ஒன்பது வளிமண்டல அழுத்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்றாயிற்று. முக்குளிப்பவர் நால்வரும், வெளியே நின்ற உதவியாளர் ஒருவரும் அந்நொடியே மாண்டனர். மனிதத் தவறு என்று முதலில் முடிவு கூறினர். கதவு மூடாமல் பிடி திறக்க முடியாதபடி ஒரு பூட்டு அமைப்பு இருந்திருந்தால், மனிதன் தவறினாலும் கருவி தவறியிராது. இறந்தோர் குடும்பங்களுக்கு நார்வே அரசு இழப்பீடு வழங்கியது 2009-ஆம் ஆண்டில், அதாவது 26 ஆண்டுகளுக்குப் பின்னர்.

இப்படி ஒவ்வொரு நெறிக்கும் பின்னால் ஒரு சாவு உண்டு. சங்கத்தின் வெளியீடுகளைப் புரட்டினால் எண்ணிட்ட பத்திகள் வறட்சியாகவே தோன்றும். நீருக்குள் மின்சாரத்தை எப்படிக் கையாள்வது, வாயுக் குழாய் அறுந்தால் எந்த அடைப்பான் தானே மூடவேண்டும் என்று அவை பேசும். படிப்பவர் கண்ணுக்கு வெறும் அளவுகள். தொழில் அறிந்தவருக்கு அவை கல்லறை வாசகங்கள்.

லண்டன் சங்கம் 1995-ஆம் ஆண்டில் மற்றொரு சங்கத்தோடு இணைந்து, சர்வதேசக் கடல்சார் ஒப்பந்தக்காரர் சங்கம் ஆயிற்று. இணைந்த மற்றையது, நங்கூரமின்றிக் கணிப்பொறியின் துணையால் ஒரே இடத்தில் நிற்கும் கப்பல்களின் உரிமையாளர் சங்கம். இவ்விணைப்பு வெறும் அலுவலக ஏற்பாடு அன்று. முக்குளிப்பவன் அத்தகைய கப்பலிலிருந்துதான் தொங்குகிறான். கப்பல் விலகினால் அவன் கதி என்ன? 2012-ஆம் ஆண்டு செப்டம்பரில் அது நேர்ந்தேவிட்டது. வடகடலில் 'பிபி டோப்பாஸ்' என்ற கப்பல், நிலைகாட்டும் அமைப்புப் பழுதுற்று விலகிச் சென்றது. கடலடியில் நின்ற ஒருவருக்கு வாயுவும் வெந்நீரும் ஒளியும் கொண்டுவரும் குழாய்த்தொகுதி, தொழிலாளர் தொப்புள்கொடி என்றே வழங்குவது, அறுந்தது. முதுகில் சுமந்த அவசர வாயு சில நிமிடங்களுக்கே போதுமானது. அரை மணி நேரத்துக்கு மேல் வாயுவின்றிக் கிடந்த அவரைத் தோழர் மீட்டு மணிக்குள் சேர்க்க, அவர் உயிர் பிழைத்தார். குளிர் காத்ததோ, ஊழ் காத்ததோ என்று வியப்போர் உண்டு. ஆனால் தோழன் ஒருவன் நீரில் இருந்ததும், மணிக்குள் மூன்றாமவன் காத்திருந்ததும் ஊழ் அன்று, முறை.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 2005-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் பம்பாய்க் கடலில் 'சமுத்திர சுரக்ஷா' என்ற கப்பல் எண்ணெய் மேடை ஒன்றில் மோதித் தீப்பற்றிற்று. மேடை அழிந்தது, 22 பேர் இறந்தனர். தீப்பற்றிய கப்பலை விட்டு ஏனையோர் வெளியேறினர். ஆனால் அழுத்த அறையில் அறுவர் இருந்தனர். அவர்களால் வெளியேற இயலாது; வெளியேறினால் பைஃபோர்டு டால்ஃபினில் நேர்ந்ததே நேரும். ஏறத்தாழ 36 மணி நேரம் கழித்து அவர்கள் மீட்கப்பட்டனர். அடுத்த சில நாளில் கப்பல் மூழ்கிற்று. அழுத்தம் குறையாமலே ஆட்களை ஏற்றிக் கடலில் மிதக்கும் மீட்புப் படகு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. அத்தகைய மீட்பு முறைகளுக்கான வழிகாட்டிகளைச் சங்கம் வகுத்து விரிவுபடுத்தியுள்ளது.

அச்சங்கத்தின் நெறிகள் சட்டமல்ல. எனினும் எண்ணெய் நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே அவற்றைக் குறிப்பிடுவதால், சட்டம் எட்டாத கடலிலும் அவை செல்கின்றன. 50 மீட்டருக்கு அப்பால் மூடிய மணியின்றி இறங்கக் கூடாது. தானே சுமக்கும் உருளையை மட்டும் நம்பிக் கடல் மேடை வேலைக்குச் செல்லக் கூடாது. காத்திருக்கும் துணை ஆள் இன்றி ஒருவரும் நீரில் இருக்கக் கூடாது என்பன அவற்றுட் சில. உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்த விபத்தை, நிறுவனத்தின் பெயர் சொல்லாமல் எல்லாருக்கும் அறிவிக்கும் வழக்கமும் அச்சங்கத்துக்கு உண்டு. ஒருவன் இழப்பு அனைவருக்கும் அறிவாகிறது. ஹால்டேன் காட்டிய பழைய வழி சுற்றிவந்து மீண்டும் திறந்தது எனலாம்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. அது முதலாளிகளின் சங்கம்; நீரில் இறங்குபவன் அதில் வாக்கு உடையவன் அல்லன். நார்வேயின் பழைய முக்குளிப்போர், நோயுற்ற உடலோடு தங்கள் அரசின் மீதே வழக்குத் தொடுத்தனர். 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் இரகசியமாக வைத்திருந்த அட்டவணைகளால் விளையக்கூடிய தீங்கை மதிப்பிடத் தேவையான செய்தி அவர்களுக்குக் கிடைக்க அரசு வழிசெய்யவில்லை. அது அவர்கள் உரிமைக்கு இழைத்த மீறல் என்றது. நார்வேயில் அட்டவணைகள் ஒருமை பெற்றது 1990-ஆம் ஆண்டையொட்டித்தான். அதற்குள் பலருடைய உடல் கெட்டிருந்தது.

இவ்வரலாற்றில் நாம் காண்பது இதுவே. தொழிலாளர் கேட்டதும், அரசு ஆணையிட்டதும், தொழில் நடத்துவோர் உடன்பட்டதும் ஆகிய மூன்று புரிகளும் சேர்ந்தே கயிறு ஆகிறது. ஒரு புரி மட்டும் பாரம் தாங்காது. தூத்துக்குடிக் குளிகாரன் தன் கயிற்றை மைத்துனனிடம் தந்தது, அவன் கைவலிமையை நம்பி மட்டுமன்று. கயிறு நழுவினால் மேலே இருப்பவனும் இழப்பான் என்பதால் தந்தான். ஆழ்கடலுக்கு ஆளை அனுப்பும் எவருக்கும், கீழே இருப்பவனுக்கு நேரும் இழப்பில் தமக்கும் பங்கு உண்டு என்று உணர்த்துவதே எழுதப்பட்ட நெறிகளின் பயன். அது குறையும் நாளில், எவ்வளவு தடித்த விதிநூலாயினும் அது வெறும் தாளே.